ஆறு ஸ்க்ரூவும் ஒரு செருமலும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யில்லை. என் இரண்டு கண்மேலும் ஆணை. இடது கண்ணில் புரை விழுந்திருப்பதால், வலது கண்மேலேயே இரண்டு ஆணை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் நான் சொன்ன முதலை விஷயத்தை நீங்கள் நம்பவில்லை. அதன் நீளத்தில் நான் ஒரு பத்தடி கூட்டியது உண்மைதான். இதில் கூட்டவில்லை. ஒரு மனிதர் யார் உதவியும் இல்லாமல் தானே முட்டாளாகிவிட்டால், கதைசொல்லிக்கு அதில் என்ன வேலை?

அவர் ஒரு ஃபிட்டர். பம்பு செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துருப்பிடித்த எந்த நட்டும் அவர் கை பட்டால் கழன்று வரும். மனசிலிருந்து வாய்க்கு வருகிற குழாயில் மட்டும் அவருக்குப் பிறவியிலேயே அடைப்பு. முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் "ம்க்கும்" என்று ஒரு செருமல் வரும். அதற்குப் பின்னால் வேறு ஏதோ வரும்.

கல்யாணமான மூன்றாம் நாள், நீலப் புடவை கட்டிக்கொண்டு மனைவி வந்து நின்றாள். ஃபிட்டருக்கு மூச்சு நின்றுவிட்டது. "ம்க்கும்" என்றார். அவள் ஆவலாக நிமிர்ந்து பார்த்தாள்.

"மழை வரும்போல இருக்கு," என்றார்.

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

இப்படியே முப்பத்தாறு வருஷம் ஓடியது. பிறகு தொலைதூர நகரத்தில் இருக்கும் மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. "ரெண்டே மாசம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ரயில் ஏறினாள். ஏழு மாதம் ஆயிற்று. ஒரு குழந்தை தூங்கினால் மற்றது விழிக்குமாம். அது தூங்கினால் இது அழுமாம். இரண்டும் சேர்ந்து தூங்கினால் மகள் உட்கார்ந்து அழுவாளாம். இதை விட்டு எப்படி வருவது?

வீட்டில் ஃபிட்டரும் நாயும்தான். நாயின் பெயர் மேனேஜர். பதினோரு கிலோ எடை, காப்பிப்பொடி நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்துப் பார்க்கும். தான் ஒரு துரும்பைக் கூட நகர்த்தாது. அதனால்தான் அந்தப் பெயர்.

தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் வரும். ஃபிட்டர் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைப்பார். மேனேஜர் மேசைக்கடியில் வந்து நிமிர்ந்த காதை இன்னும் நிமிர்த்திக்கொள்ளும்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"வேற என்ன?"

"ம்க்கும்... தண்ணி மோட்டார்ல வாஷர் போயிருந்துச்சு. மாத்திட்டேன்."

"அது சரி. வேற?"

"வேற என்ன, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

எல்லாம் நல்லாத்தான் இருந்தது. காலையில் இரண்டு தம்ளரில் காப்பி ஊற்றுவார், பிறகு இரண்டாவதையும் அவரே குடிப்பார். முகம் கழுவுகிற தொட்டியின் விளிம்பில் அவள் விட்டுப்போன இரண்டு கொண்டை ஊசியை ஏழு மாதமாக நகர்த்தாமல், சுற்றியே துடைத்துவந்தார். வாசலில் அவளுடைய பழைய செருப்பு ஒரு ஜோடி. இடது செருப்பின்மேல் மேனேஜர் தாடையை வைத்துப் படுத்திருக்கும். வலது செருப்பு யார் பங்கு என்று நான் சொல்ல மாட்டேன். அதன்மேல் ஒரு நாளும் தூசி இருந்ததில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

இந்த நிலைமையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் மேனேஜர் உட்கார்ந்து தெருவை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. ஃபிட்டர் பக்கத்தில் நின்றார். தெருமுனையில் ஒரு பச்சைக் குடை திரும்பியது. அதில் ஒரு கம்பி வளைந்திருந்தது. அவர் மனைவியின் குடையும் பச்சைதான். அதிலும் ஒரு கம்பி வளைந்திருக்கும். அவர்தான் மிதித்து வளைத்தார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். மேனேஜர் குதித்தது. சும்மா குதி இல்லை. அது குதித்த வேகத்தில் பறந்துகொண்டிருந்த மூன்று காக்கைகள் ஒதுங்கி வழிவிட்டன. ஆணைக்கு உட்பட்டுத்தான் சொல்கிறேன். ஃபிட்டர் குதிக்கவில்லை, வயசாகிவிட்டது. ஆனால் பத்தொன்பது படியை ஐந்து எட்டில் இறங்கினார், செருப்புக்கூடப் போடாமல்.

குடைக்கடியில் இருந்தவர் யாரோ ஒரு டீச்சர். நாயையும் மனிதரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேகமாக நடையைக் கட்டினார். மேனேஜர் எழுந்து பின்னால் போகப் பார்த்தது. முடியவில்லை. வலது பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே தனியாகத் தொங்கியது.

கீழ்வீட்டு டெய்லர் ஓடிவந்தார். "என்னண்ணே, நீங்களும் அதுவும் சேர்ந்து யாரைத் துரத்துனீங்க?"

"பேசாம பலகையைக் கொண்டாப்பா!"

துணி வெட்டுகிற பலகையில் மேனேஜரைப் படுக்கவைத்து இருவரும் தூக்கிக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியெல்லாம் அது முனகவில்லை. தெருமுனையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா குள்ளமானவர். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். எக்ஸ்ரே எடுத்து விளக்குப் பெட்டியில் செருகினார். கீழ்க்கால் எலும்பு சாய்வாக, வெட்டிய கரும்பு மாதிரி இரண்டாகிக் கிடந்தது.

"மாவுக்கட்டு இதுக்குத் தாங்காது சார். இப்படிச் சாஞ்ச உடைப்பு வழுக்கிட்டே இருக்கும். திறந்து, எலும்பை நேரா சேர்த்து, பிளேட் வச்சு ஸ்க்ரூ போடணும்."

ஃபிட்டர் அதுவரை கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "ஸ்க்ரூ" என்றதும் நிமிர்ந்தார்.

"பிளேட் என்ன மெட்டல்?"

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்."

"எத்தனை ஸ்க்ரூ?"

"ஆறு. மேலே மூணு, கீழே மூணு."

"என்ன சைஸ்?"

"ரெண்டு புள்ளி ஏழு மில்லி."

"ட்ரில் பிட்?"

"ரெண்டு மில்லி."

"ம். அதான் கரெக்ட். ஒரேயடியா முறுக்கிடாதீங்க டாக்டரம்மா. ஆறையும் லேசா உட்கார வச்சு, அப்புறம் மாத்தி மாத்தி டைட் பண்ணணும்."

"அப்படித்தான் பண்ணுவோம் சார். நீங்க வெளியே உட்காருங்க."

வெளியே உட்கார்ந்த இரண்டு மணி நேரத்தில் ஃபிட்டர் தன் மனசுக்குள் நாற்பது தடவை ஆறு ஸ்க்ரூவையும் முறுக்கினார். கடைசியில் டாக்டரம்மா புதுப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். உடைந்த இரண்டு துண்டும் ஒன்றோடொன்று பொருந்தி, வெள்ளைப் பட்டை ஒன்றின்மேல் ஆறு ஸ்க்ரூவும் சிப்பாய்களாக நின்றன.

"நீங்க எங்க தொழிற்சாலைக்கு வந்திருந்தா ஃபோர்மேன் ஆகியிருப்பீங்க," என்றார் ஃபிட்டர். அவருக்குத் தெரிந்த மிகப்பெரிய பட்டம் அதுதான். "இதை எப்போ கழட்டுவீங்க?"

"கழட்டத் தேவையில்லை. ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கலாம். எலும்பு கூடினப்புறமும் நொண்டினாத்தான் திரும்பத் திறக்கலாமான்னு யோசிப்போம். இப்போ எட்டு வாரம் கூண்டுக்குள்ளயே இருக்கணும். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. வெளிக்குப் போக மட்டும் அஞ்சு நிமிஷம், கயிறு கட்டி. வயித்துக்கடியில துண்டு கொடுத்துத் தாங்கிப் பிடிங்க. வீட்ல பார்த்துக்க ஆள் இருக்கா?"

அன்று ஆறு மணிக்குப் போன் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"ம்க்கும்... மேனேஜருக்குக் கால் ஒடிஞ்சிருச்சு."

"நாளைக்குக் கிளம்பறேன்," என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

ஃபிட்டர் போனையே பார்த்தார். இந்த ஏழு மாதத்தில் அவருக்கு இரண்டு தடவை காய்ச்சல், ஒரு தடவை பல்வலி, முழங்கால் பிடிப்பு. ஒவ்வொன்றையும் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்ற டப்பாவுக்குள் போட்டு மூடியது அவரேதான். ஆனாலும் ஒரு நாயின் காலுக்கு இருக்கிற மரியாதை தன் முழங்காலுக்கு இல்லையே என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார். பிறகு மூன்றாவது தடவையாக வீட்டைப் பெருக்கினார்.

அவள் வந்தாள். பெட்டியை வாசலில் வைத்தாள். கண் கலங்க, "இப்படி இளைச்சுப் போயிட்டியேடா!" என்றாள்.

'டா' சேர்த்து அழைக்கிற அளவுக்குப் பிரியமா என்று நெகிழ்ந்துபோன ஃபிட்டர், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய்க் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பரவாயில்லை. வந்துவிட்டாள். சமையலறையில் வளையல் சத்தம் கேட்டது. காலையில் இரண்டு தம்ளர் காப்பிக்கும் ஆள் இருந்தது. கொண்டை ஊசி இரண்டும் இடம் மாறின. ஃபிட்டருக்கு அதைப் பார்த்தே அரைமணி நேரம் போயிற்று.

ஆனால் அன்றே அவள் காலண்டரை எடுத்து எட்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுச் சுவரில் மாட்டினாள்.

"எட்டு வாரம். டாக்டர் எலும்பு கூடிருச்சுன்னு சொன்ன மறுநாள் நான் ரயிலேறணும். அங்க பொண்ணு தனியா கஷ்டப்படுறா."

"ம்க்கும்..." என்றார் ஃபிட்டர்.

அவள் பேனாவைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள். "என்ன?"

"காலண்டர் கொஞ்சம் கோணலா இருக்கு."

அதிலிருந்து அந்தக் காலண்டர் அவருக்கு எமனாயிற்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் ஒரு வட்டத்தை அடிப்பாள். கீழ்வீட்டு டெய்லர் பழைய ஜீன்ஸில் ஓர் அகலப் பட்டை தைத்துக் கொடுத்தார். அதை மேனேஜரின் வயிற்றுக்கடியில் கொடுத்து, காலையில் ஃபிட்டர் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவார், மாலையில் அவள் இறங்குவாள். மற்ற நேரமெல்லாம் அவள் கூண்டருகே பாய் விரித்து உட்கார்ந்து, தையல் போட்ட காலைத் தடவி, மகள் வீட்டுக் குழந்தைகளின் கதையைச் சொல்லுவாள். மேனேஜர் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருக்கும். ஃபிட்டர் நாற்காலியில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து அதே கதையை ஓசியில் கேட்பார். சில நாள் பேப்பர் தலைகீழாக இருக்கும்.

நாலாவது வாரம் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா மகிழ்ந்துபோனார். "பாருங்க, உடைப்பைச் சுத்திப் புது எலும்பு மேகம் மாதிரி வந்திருக்கு. எதிர்பார்த்ததைவிட வேகமா கூடுது!"

"அவ்வளவு வேகம் எதுக்கு டாக்டரம்மா?" என்றார் ஃபிட்டர். "அவசர வேலை நிக்காது. நிதானமா கூடட்டுமே."

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்த வாரம்தான் அவர் மூளையில் பொறி தட்டியது. மேனேஜர் ஒரு நாள் நடை முடிந்து கூண்டுக்குத் திரும்பும்போது பாயின் ஓரம் தடுக்கிக் காலை ஒரு நொடி தூக்கிவிட்டது. உடனே அவள், "ஐயோ என் தங்கமே!" என்று அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்து, மடியில் எடுத்துப் போட்டு, பிஸ்கட் கொடுத்தாள். மேனேஜர் பிஸ்கட்டை மென்றது. ஃபிட்டரைப் பார்த்தது. ஃபிட்டரும் மேனேஜரைப் பார்த்தார்.

எலும்பு கூடட்டும். கூடித்தான் ஆகவேண்டும்; அந்தக் காலுக்கு ஒரு கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை அவர். ஆனால் கூடின பிறகும் நாய் நொண்டினால்? அவள் எப்படிப் போவாள்?

மறுநாள் காலையிலிருந்து, அந்த ஐந்து நிமிட நடையில், கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பள்ளிக்கூடம் தொடங்கியது. சட்டைப் பையில் பிஸ்கட். நொண்டச் சொல்ல ஒரு சைகை வேண்டும். விரலைச் சொடுக்கினால் அவள் கவனிப்பாள். விசிலடித்தால் தெரு கவனிக்கும். யாரும் சந்தேகப்படாத, எப்போதும் தன்னிடம் இருக்கிற ஒரு சத்தம் எது?

"ம்க்கும்," என்றார் ஃபிட்டர். மேனேஜரின் காலை மெல்லத் தூக்கிப் பிடித்தார். பிஸ்கட் கொடுத்தார்.

பன்னிரண்டு நாளில் மேனேஜர் தேறிவிட்டது. தேறியது என்றால் சாதாரணமாக இல்லை. செருமியதும் காலைத் தூக்கும், இரண்டெட்டு நொண்டும், காதை மடக்கும், போதாதென்று ஒரு பெருமூச்சும் விடும். பெருமூச்சை ஃபிட்டர் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

துண்டைத் துவைக்க வந்த டெய்லர் ஒருநாள் தொட்டிக்குப் பின்னால் இதைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே நடக்குது இங்க?"

"பயிற்சி."

"காலைச் சரி பண்றதுக்கா?"

"வீட்டைச் சரி பண்றதுக்கு. வாயை மூடிட்டுப் போப்பா."

இத்தனை கச்சிதமாகத் திட்டம் போட்டவர் ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். அந்தச் செருமல் அவர் வேண்டும்போது மட்டும் வருவதில்லை. முப்பத்தாறு வருஷமாக அது தானாகவும் வருகிற சத்தம்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வருவாள். 'இருந்துவிடேன்' என்று இவருக்கு நெஞ்சு வரைக்கும் வரும். "ம்க்கும்!" கூண்டுக்குள்ளேயே எழுந்து மேனேஜர் காலைத் தூக்கி நொண்டும். அவள் இரண்டு தட்டு வைத்துச் சாப்பாடு போடுவாள். "ம்க்கும்!" மேனேஜர் நொண்டும். அவள் காலண்டரில் வட்டத்தை அடிக்கப் பேனாவை எடுப்பாள். "ம்க்கும்! ம்க்கும்!" மேனேஜர் சுற்றிச் சுற்றி நொண்டிப் பெருமூச்சு விடும்.

அவள் முதல் இரண்டு நாள் ஓடி ஓடி வந்தாள். மூன்றாம் நாள் நடந்து வந்தாள். நான்காம் நாள் வரவில்லை. நாயைப் பார்த்தாள், மனிதரைப் பார்த்தாள், மறுபடி நாயைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். வெளியே வரும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கண் மட்டும் ஈரமாக இருந்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார் ஃபிட்டர். அன்று வெங்காயமே வாங்கவில்லை.

எட்டாவது ஞாயிறு போய்த் திங்கட்கிழமை வந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். விளக்குப் பெட்டியில் பார்த்தால், உடைந்த கோடு எங்கே என்று தேடவேண்டியிருந்தது. ஃபிட்டருக்கே பெருமை தாங்கவில்லை.

"அருமையா கூடிருச்சு," என்றார் டாக்டரம்மா. "எங்கே, நடக்க விடுங்க பார்ப்போம்."

மேனேஜர் வராந்தாவில் நான்கு காலையும் ஊன்றி, வாலைக் கொடிபோல் உயர்த்திக்கொண்டு, ராஜா மாதிரி நடந்தது. ஃபிட்டர் காலண்டரை நினைத்துக்கொண்டார்.

"ம்க்கும்," என்றார்.

ராஜா நொண்டினார். காதை மடக்கினார். பெருமூச்சு விட்டார்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இது நல்லதில்லையே. எலும்பு கூடியும் நொண்டுதுன்னா, பிளேட்தான் உறுத்துது. அன்னைக்கே சொன்னேன்ல சார்? திரும்பத் திறக்க வேண்டியதுதான். ஆறு ஸ்க்ரூவையும் கழட்டி, பிளேட்டை எடுத்துருவோம். நாளைக்குக் காலையிலேயே."

"கழட்டுறதா?" ஃபிட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லா உட்கார்ந்த ஸ்க்ரூ டாக்டரம்மா! அதைப் போய்..."

"மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல், மறுபடி கூண்டு. வேற வழியில்லை."

"டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் மனைவி. "பாவம், எத்தனை நாள்தான் நொண்டும்? கையெழுத்துப் போடுங்க."

ஒரு தாளை அவர் முன்னால் நீட்டினார்கள். பேனாவையும் கொடுத்தார்கள். மறுபடி எட்டு வாரம்! கேட்காமலே வரம். அவள் போகமாட்டாள். புதுக் காலண்டர், புது வட்டங்கள். ஃபிட்டர் பேனாவைப் பிடித்தார். கீழே பார்த்தார்.

மேனேஜர் அவர் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. முடி முளைத்து வழுவழுப்பாக இருந்த அந்தக் காலை இன்னும் லேசாகத் தூக்கியே வைத்திருந்தது. பிஸ்கட் எங்கே என்ற கேள்வி அந்த முகத்தில். வேறு ஒரு சந்தேகமும் இல்லை.

பேனா கீழே விழுந்தது.

"அது நொண்டலை."

"என்ன சார்?"

"நொண்டலைங்கறேன்! கால் நல்லாத்தான் இருக்கு. நான்தான் பழக்கினேன். தொட்டிக்குப் பின்னாடி. பிஸ்கட் போட்டு."

வராந்தாவில் பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கு?" என்றாள் மனைவி. மெதுவாகத்தான் கேட்டாள்.

"ம்க்கும்..."

மேனேஜர் காலைத் தூக்கியது.

"அது கெடக்கட்டும். எதுக்குன்னு கேட்டேன்."

"ம்க்கும்... ம்க்கும்..."

மேனேஜர் எந்தக் காலைத் தூக்குவதென்று தெரியாமல் தடுமாறி உட்கார்ந்துவிட்டது.

"மழை வரும்போல இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள் அவள்.

ஃபிட்டர் சுவரைப் பார்த்தார். விளக்குப் பெட்டியைப் பார்த்தார். அதற்குள் ஆறு ஸ்க்ரூவும் நேராக நின்று அவரையே பார்த்தன. கடைசியில் அந்த எக்ஸ்ரே படத்திடம் சொன்னார்:

"எலும்பு கூடிட்டா நீ போயிருவே. நீ இல்லாம அந்த வீட்டில இருக்க முடியலை."

டாக்டரம்மா தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முப்பத்தாறு வருஷம்," என்றாள் மனைவி. "ஒரு நாயோட கால், ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ. இவ்வளவும் செலவாகித்தான் இந்த மனுஷன் வாயிலேர்ந்து இது வெளியே வருது. போன்ல தினமும் கேட்டேனே, வேற என்ன, வேற என்னன்னு? வாஷர் போச்சு, வாஷர் போச்சுன்னா நான் என்னத்தை நினைச்சுக்கறது?"

"தாளைக் கொடுங்க சார்," என்றார் டாக்டரம்மா. "கண்ணாடி போட்டுப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். இது ஆபரேஷன் தாள் இல்லை. வீட்டுக்குப் போகலாம்கிற தாள். உங்க வீட்டம்மா பத்து நாள் முன்னாடியே போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

ஃபிட்டருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரியதாக வேறு ஒன்று நெஞ்சில் இருந்ததால் வெட்கத்துக்கு இடம் போதவில்லை. திரும்பும் வழியெல்லாம் மேனேஜர் முன்னால் நடந்தது. அவள் அவர் பக்கத்தில், ஒரே குடைக்கடியில் நடந்தாள். வளைந்த கம்பி அவர் காதைக் குத்திக்கொண்டே வந்தது. அவர் நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார், இந்தத் தடவை செருமாமல்:

"அப்ப நீ போகலையே?"

"போகலை."

"நிஜமா?"

"நிஜமா. மேனேஜர் இன்னும் ஒரு மாசம் கயிறு கட்டித்தான் நடக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காங்க. நான் பார்த்துக்கறேன்."

ஃபிட்டருக்குக் கால் தரையில் படவில்லை. அவரே அடுப்பு மூட்டினார். அவரே இரண்டு தம்ளரில் காப்பி ஊற்றினார். காலண்டரைக் கழற்றிச் சுருட்டி ஒரு மூலையில் வைத்தார். அவள் ஒரு மடக்கு குடித்துவிட்டு, கைப்பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதைக் கேன்சல் பண்ணிடட்டுமா?" என்று பாய்ந்து எடுத்தார்.

"எதுக்கு? கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பேரைப் படிங்க."

படித்தார். அவருடைய பெயர்தான் இருந்தது.

"என்னது இது?"

"நாளைக்குக் காலை எட்டு மணி வண்டி. பெட்டில துணி வச்சாச்சு. பொண்ணுக்கிட்டயும் சொல்லியாச்சு."

"ரெண்டு கைக்குழந்தை! எனக்கு என்ன தெரியும்?"

"எட்டு வாரம் வயித்துக்கடியில பட்டை போட்டு ஒரு நாயைத் தூக்கிட்டு மாடி இறங்கி ஏறினீங்க. வாயில்லாத ஜீவனைப் பன்னெண்டு நாள்ல நடிக்கப் பழக்கினீங்க. குழந்தைகளைத் தூங்கப் பழக்கறது உங்களுக்கு ஒரு வேலையா?"

"நான்தான் சொன்னேனே, நீ இல்லாம..."

"சொன்னீங்க. ஒரே ஒரு தடவை. அதுவும் எக்ஸ்ரேகிட்ட." அவள் வாசலில் கிடந்த பழைய செருப்பைப் பார்த்தாள். "ஏழு மாசம் அங்கிருந்து தினம் நான்தான் போன் பண்ணினேன். இனிமே ஆறு மணிக்கு நீங்க பண்ணுங்க. நீங்க இல்லாத வீடு எப்படி இருக்கும்னு நானும் ஒரு தடவை தெரிஞ்சுக்கறேன். வேற என்னன்னு கேப்பேன். வாஷர் பத்திப் பேசினா போனை வச்சிருவேன்."

அப்படியாகத்தானே, மனைவியை வீட்டில் இருத்திவைக்கத் திட்டம் போட்ட ஃபிட்டர், அதில் முழு வெற்றி பெற்று, மறுநாள் எட்டு மணி ரயிலில் தன்னந்தனியாகப் போனார்.

இப்போது மகள் வீட்டில் ஒரு தோளில் ஒன்று, மறு தோளில் ஒன்று. குழந்தைகள் மூக்குச் சளியெல்லாம் அவர் சட்டையில்தான். மாலை ஐந்தரையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு அடித்ததும் போன் போடுவார். அங்கே அவள் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைப்பாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"வேற என்ன?"

அவருக்கு நெஞ்சு வரைக்கும் வரும். "ம்க்கும்..." என்பார்.

அத்தனை நூறு மைலுக்கு அப்பால், மேசைக்கடியில், எலும்பு கூடி ஆறு ஸ்க்ரூவும் அசையாத காலைத் தூக்கி மேனேஜர் நொண்டுமாம். காதை மடக்குமாம். பெருமூச்சு விடுமாம்.

"புரியுது," என்பாளாம் பிறகு. "அது சொல்லிருச்சு. இப்ப நீங்க சொல்லுங்க."

இவ்வளவுதான் நடந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, காக்கைகளைத் தவிர. இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் சொன்னது யார் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். மணி ஆறு ஆகப் போகிறது. இந்தக் குழந்தையைக் கொஞ்சம் பிடியுங்கள், நான் ஒரு போன் பண்ண வேண்டும். ம்க்கும்.